சத்திரக்காரனின் வேலை



நல்ல சமாரியனுடைய உவமையைக் குறித்துப் பிரசங்கிக்காத போதகர் ஒருவரும் இருக்கமாட்டார். விலகிப்போன ஆசாரியனையும் லேவியனையும் கடிந்துகொள்வோம். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டிய சமாரியனிடத்தில் வந்து நிற்போம். ஆமென் சொல்லி முடித்துவிடுவோம். லூக்கா பத்தாம் அதிகாரத்தின் அந்தக் கதையில் இன்னொருவன் இருக்கிறான். அவன்தான் சத்திரக்காரன். சமாரியன் ஓர் இரவு உடனிருந்து பார்த்துக்கொண்டான். மறுநாள் இரண்டு நாள் கூலிக்குச் சமமான காசைக் கொடுத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். அவனுக்குப் போகவேண்டிய இடம் இருந்தது; அதில் குற்றமில்லை. அதற்குப் பிறகு அந்தக் கட்டுகளை அவிழ்த்துக் கழுவிக் கட்டியது யார்? எழுந்து உட்காரமுடியாதவனுக்கு நடுச்சாமத்தில் தண்ணீர் புகட்டியது யார்? சத்திரக்காரனுக்கு அந்தக் கதையில் ஒரு வார்த்தைகூடப் பேசக் கிடைக்கவில்லை.

அந்தக் கதையில் ஒரு மிருகமும் உண்டு. நமது தமிழ் வேதாகமத்தில் அது வாகனம் என்றிருப்பதால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வண்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடிபட்டவனைச் சுமந்துகொண்டு சத்திரம்வரை நடந்தது ஒரு பாரம் சுமக்கும் மிருகம். அன்றிரவு அதன் முதுகையும் குளம்பையும் யாராவது தொட்டுப் பார்த்தார்களா என்று நான் சில வேளைகளில் யோசிப்பதுண்டு.

இந்த வாரம் நான் எழுத விரும்புவது மிருகங்களுக்கு அப்படிச் சத்திரக்காரராய் இருக்கிறவர்களைக் குறித்து. மருத்துவர் ஊசி போட்டுவிட்டுப் போனபின் நோயுற்ற மாட்டோடும் நாயோடும் இருந்து, அதை எழுப்பி, திருப்பி, துடைத்து, ஊட்டி, கணக்கெழுதி வைக்கிறவர்கள். கால்நடைச் செவிலியர் என்று சில நாடுகளில் அவர்களுக்குப் பெயர். நம் நாட்டில் அவர்களுக்கு இன்னும் ஒழுங்கான பெயர் இல்லை.

பெயர் இல்லாததனால் என்ன நேரும் என்பதை எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தகப்பனாரிடத்தில் கண்டேன். திருநெல்வேலிச் சீமையில் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு நர்ஸ் இல்லாத குடும்பம் அரிது. அவருடைய அக்காள் வளைகுடா நாட்டில் இருபது வருஷம் நர்ஸாக இருந்து அனுப்பிய பணத்தில்தான் அவர்கள் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை வந்தது. அவருடைய மகளுக்குச் சிறுவயதுமுதல் ஆடு, மாடு, கோழி என்றால் உயிர். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர மதிப்பெண் போதவில்லை. சென்னையில் ஒரு தனியார் விலங்கு மருத்துவமனையில், அங்குள்ள மூத்த மருத்துவரிடம் பயிற்சி பெற்று நோயாளி விலங்குகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறேன் என்றாள். தகப்பனார் என்னிடம் வந்தார்.

“ஐயா, மனுசருக்கு நர்ஸுன்னா நாலு பேர்கிட்ட பெருமையா சொல்லலாம். மாட்டுக்கும் நாய்க்கும் நர்ஸுன்னா எப்படிய்யா வெளியில சொல்லுவேன்? நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க கேட்டா என்னன்னு சொல்லுவேன்?” என்றார்.

நான் அவருடைய அக்காளைப் பற்றியே பேசினேன். இந்த அக்காளின் வேலைக்கு நூறு வருஷத்துக்கு முன்னே இந்த நாட்டில் என்ன மரியாதை இருந்தது? பிறருடைய மலத்தையும் சீழையும் தொடுகிற வேலை. நல்ல குடும்பத்துப் பெண்கள் செய்யத்தகாத வேலை என்றே எண்ணினார்கள். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909ஆம் ஆண்டில் நர்ஸுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய காலம் அப்படிப்பட்டது. அதே வேலூரில் 1946இல் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. இடைப்பட்ட முப்பத்தேழு வருஷங்களில் மலமும் சீழும் மாறவில்லை. பார்க்கிறவர்களின் கண் மாறியது. அது மாறுவதற்குப் பாடத்திட்டமும் தேர்வும் சீருடையும் பதிவேடும் துணைசெய்தன. நான் இதைச் சொல்லி முடித்தபோது அவர் சம்மதமும் சொல்லவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. “அக்கா இப்படித்தான் அழுதிருப்பாளோ” என்று மட்டும் கேட்டார். மகள் வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவளுடைய வேலையைப் போன்ற ஒன்றுக்குப் பெயர் கிடைத்த கதை இங்கிலாந்தில் நடந்தது. அங்கே கால்நடை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 1961ஆம் ஆண்டில் இவ்வேலைக்கென்று முறையான பயிற்சியையும் தேர்வையும் ஏற்படுத்தியது. ஆனால் தேறியவர்களை ‘நர்ஸ்’ என்று அழைக்க முடியவில்லை. அந்தச் சொல் மனிதருக்குப் பணிவிடை செய்கிறவர்களுக்கே உரியது என்று சட்டம் காவலிட்டிருந்தது. ஆகவே விலங்குப் பராமரிப்புத் துணையாளர் என்று நீட்டி முழக்கி ஒரு பெயர் வைத்தார்கள். கால்நடைச் செவிலியர் என்ற பெயர் 1984இல்தான் வந்தது. ஒரு சொல்லுக்காக இருபத்துமூன்று ஆண்டுகள்! மருத்துவரின் கட்டளைக்குட்பட்டு மருந்து செலுத்தவும் சிறு அறுவைகள் செய்யவும் சட்டம் அவர்களுக்கு இடங்கொடுத்தது 1991இல்.

அந்தச் சொல்லைக் காவல்காத்த தேசத்தில், செவிலியர் தொழிலின் தாயாகப் போற்றப்படும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்க்கை வரலாறுகள் ஒரு சம்பவத்தைச் சொல்லுகின்றன. அவர் பதின்வயதில் இருந்தபோது, ஒரு மேய்ப்பனுடைய நாயின் காலில் பையன்கள் கல்லெறிந்து காயப்படுத்திவிட்டார்கள். கால் ஒடிந்துபோயிற்று, இனி உதவாது என்று மேய்ப்பன் அதைக் கொன்றுவிடத் தீர்மானித்திருந்தான். நைட்டிங்கேலோடு குதிரையில் சென்றுகொண்டிருந்த சபைக்குரு அந்தக் காலைத் தடவிப் பார்த்து, எலும்பு ஒடியவில்லை, சதை நசுங்கி வீங்கியிருக்கிறது என்றார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தாள் அந்தப் பெண். நாய் பிழைத்தது. ஆக, அந்த அம்மையாரின் பேர்பெற்ற முதல் நோயாளிகளில் ஒன்று நாலுகால் உள்ளது. அந்தக் குருவானவரைக் குறித்தும் எனக்கு ஒரு சிறு பெருமிதம் உண்டு. எங்கள் வேதசாஸ்திரக் கல்லூரியில் எபிரெய வினைச்சொல்லின் வேறுபாடுகளைக் கற்றுத்தந்தார்கள். ஒடிந்த எலும்பையும் நசுங்கிய சதையையும் விரலால் வேறுபடுத்தக் கற்றுத்தரவில்லை. இத்தனைக்கும் எங்கள் தொழிலின் பெயர் மேய்ப்பர்!

எசேக்கியேல் தீர்க்கதரிசி முப்பத்துநாலாம் அதிகாரத்தில் இஸ்ரவேலின் மேய்ப்பர்மேல் சாட்டும் குற்றங்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அது ராஜாக்களையும் தலைவர்களையும் குறித்துச் சொல்லப்பட்டது என்பது மெய்தான். ஆனாலும் அதன் சொற்களெல்லாம் தொழுவத்துச் சொற்கள். பலவீனமானதைத் தேற்றாமல், பிணிப்பட்டதைக் குணமாக்காமல், எலும்பு முறிந்ததைக் கட்டாமல் விட்டது அங்கே குற்றப்பட்டியலில் இருக்கிறது. ஆட்டைக் கட்டத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் வாழ்ந்ததால்தானே தீர்க்கதரிசியின் பேச்சு அவர்களுக்கு விளங்கிற்று?

அந்தப் பெண் சென்னைக்குப் போனாள். தகப்பனார் பேருந்து நிலையம்வரை வந்து பெட்டியைத் தூக்கிவைத்தார். முதல் இரண்டு வாரங்கள் அவளுக்குக் கொடுத்த வேலை கூண்டு கழுவுவதும் பார்ப்பதும்தான். கழுவுவது எவருக்கும் புரியும். பார்ப்பது என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் செவிலியம் குறித்து எழுதிய சிறு நூலிலும் நோயாளியைக் கூர்ந்து கவனிப்பதற்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அவருடைய நோயாளிகளுக்காவது வாய் இருந்தது. வாயில்லா ஜீவனிடத்தில் கவனிப்பு ஒன்றே கேள்வி, அதுவே பதில்.

அவள் கற்றுக்கொண்டதை விடுமுறைக்கு வந்தபோது என் மனைவியிடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் பிரசங்கக் குறிப்பை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாயின் நாடியைப் பின்னந்தொடையின் உட்புறத்தில் பார்க்கவேண்டும். பசுவுக்கு வாலின் அடிப்புறத்தில். ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்கவேண்டும். தாமதித்தால் இரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறது. தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியவேண்டும். கூடாரம்போல் நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் 101 டிகிரி நாய்க்கும் பசுவுக்கும் சாதாரணச் சூடு. பசுவின் இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் கையை மடக்கி அழுத்திவைத்துக்கொண்டு காத்திருந்தால், இரைப்பை உருளுவது இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு மூன்று முறை கையைத் தள்ளும். தள்ளாவிட்டால் அதன் வயிறு நின்றுபோயிருக்கிறது என்று பொருள்.

பூனைகளைக் குறித்து அவள் சொன்னது என்னை அதிகமாய்த் தொட்டது. பூனை வலியை மறைக்கும் பிராணி. முனகாது, நொண்டாது, மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துகொள்ளும். சாதுவாய் இருக்கிறது என்று வீட்டார் மகிழ்ந்துகொள்வார்கள். கனடாவிலுள்ள மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019இல் பூனையின் முகத்தில் வலியை வாசிக்கும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காதுகள் விலகித் திரும்பியிருக்கின்றனவா, கண்கள் இடுங்கியிருக்கின்றனவா, மூக்கும் வாயும் இறுகியிருக்கின்றனவா, மீசைமுடி எப்படி நிற்கிறது, தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கிறதா என்று ஐந்து குறிகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம்முதல் இரண்டுவரை மதிப்பெண். கூட்டித் தொகை ஓர் அளவைத் தாண்டினால் வலிமருந்தைக் குறித்து மருத்துவருக்குச் சொல்லவேண்டும். மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை, அவர் சாதுவானவர் என்று எண்ணிவிடாமல், ஐந்து குறிகளையும் எண்ணிப் பார்க்கப் பழக்கப்பட்ட ஒரு கண்! சபை மூப்பர்களுக்கும் இப்படி இரண்டு வாரப் பயிற்சி கொடுத்தால் நல்லது என்று என் மனைவி சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை.

கழுவுவதும் லேசான காரியம் அல்ல. பார்வோ என்னும் வைரஸ் நோய் கண்ட நாய்க்குட்டியைத் தனியறையில் வைக்கவேண்டும். அதற்கென்று தனி மேலங்கி, தனிக் கையுறை, தனித் துடைப்பம். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; சாதாரண சோப்புநீருக்கு மசியாது; பிளீச்சிங் கரைசல் வேண்டும். அந்தக் குட்டியின் கூண்டைத் தொட்ட கையோடு அடுத்த குட்டியைக் கொஞ்சினால், கொஞ்சினவளே அதைக் கொன்றவளாகிவிடலாம்.

இங்கேதான், பிரியமானவர்களே, நாம் சற்று நிதானிக்கவேண்டியிருக்கிறது. அன்பு இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாய் வரும் என்று மேடைகளில் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். தொழுவத்தில் அது பொய்யாகிவிடும். நம் கிராமங்களில் மாடு படுத்துவிட்டால் அன்புள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? அதன் தலையை அண்ணாத்திப் பிடித்து, நாக்கை இழுத்து, மூங்கில் குழாயில் கஷாயத்தையோ நல்லெண்ணெயையோ ஊற்றுகிறார்கள். தொண்டை தளர்ந்த மாட்டுக்கு அது விழுங்கும் வழியாய்ப் போகாமல் மூச்சுக்குழலுக்குள் இறங்கி, நுரையீரல் அழுகி, மூன்று நான்கு நாளில் மாடு செத்துப்போகும். ஊற்றினவருடைய கண்ணீர் உண்மையானது. மாடு செத்ததும் உண்மை.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் சபையின் ஒரு விதவைத் தாயாருடைய பசு கன்று ஈன்ற மறுநாள் படுத்துவிட்டது. அந்த அம்மாவுக்கு இருப்பது இரண்டு மாடு. பால் சொசைட்டியில் ஊற்றி வரும் பணத்தில்தான் கடைசிப் பெண்ணின் கல்லூரிக் கட்டணம் போகிறது. இரண்டில் கறவைக்கு வந்தது இந்த ஒன்றுதான். கழுத்தை வளைத்துத் தலையை விலாவின்மேல் சாய்த்துக்கொண்டு, காது சில்லிட்டுக் கிடந்தது. இந்த நோய்க்குப் பால் காய்ச்சல் என்று பெயர். ஆனால் உடம்பு சுடாது, குளிர்ந்துபோகும். சீம்பாலுக்காக உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் மடிக்கு இறங்கிவிட, இரத்தத்தில் அது குறைந்து தசைகள் செயலற்றுப்போகின்றன. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தோம். கால்நடை மருத்துவர் வந்து, இருதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாய் நரம்பில் ஏற்றினார். வேகமாய் ஏற்றினால் இருதயம் நின்றுவிடுமாம். தலை நிமிர்ந்தது, காது சூடேறியது, அசைபோடவும் தொடங்கியது. ஆனால் பசு எழுந்திருக்கவில்லை. நாங்கள் அழைப்பதற்குள் பாதி நாள் ஒரே பக்கமாய்க் கிடந்துவிட்டது. அதன் பாரமே அதன் தொடையை நசுக்கிவிட்டிருந்தது.

மருத்துவர் நல்ல மனிதர். எப்படிப் பராமரிக்கவேண்டும் என்று தெளிவாய்ச் சொன்னார்; சொல்லிவிட்டு, இன்னொரு ஊரில் கன்று குறுக்கே நிற்கிறது என்று போன் வர, புறப்பட்டார். சமாரியனுக்குப் போகவேண்டிய இடம் இருந்தது என்று முதலில் எழுதினேன் அல்லவா?

நம்முடைய பெண் அந்த வாரம் ஊரில் இருந்தாள். தொழுவத்தின் சிமெண்டுத் தரையிலிருந்து பசுவை மண்தரைக்கு மாற்றச் செய்தாள். வாலிபர் ஐக்கியத்துப் பையன்கள் நாலுபேர், கீழே படுதாவைச் செருகி, இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல் பரப்பினாள். பக்கவாட்டில் சாய்ந்துவிடாதபடி இரண்டு புறமும் வைக்கோல் அடைத்த சாக்குகளை முட்டுக்கொடுத்து நெஞ்சின்மேல் உட்காரவைத்தாள். சாய்ந்து கிடந்தால் வயிறு பொருமி மூச்சுமுட்டும். மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு. ஒவ்வொரு முறையும் மேலே வந்த தொடையைப் பத்து நிமிடம் உருவிவிட்டாள். தண்ணீரும் பசும்புல்லும் வாய்க்கு எட்டும் தூரத்தில். பள்ளி நோட்டுப்புத்தகத்தில் கோடு கிழித்து மணி, சூடு, நாடி, மூச்சு, சாணம், சிறுநீர், குடித்த தண்ணீர் என்று எழுதிக்கொண்டே வந்தாள். உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், வழியில் விழுந்துகிடக்கும் பிறனுடைய மாட்டையோ கழுதையையோ கண்டால் காணாதவன்போல் போகாதே, உடனிருந்து தூக்கிவிடு என்ற பொருளில் ஒரு கட்டளை உண்டு. எத்தனை பேர் வேண்டும், எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும், எத்தனை மணிக்கொருமுறை என்பதை நியாயப்பிரமாணம் சொல்லவில்லை. அதை யாராவது கற்றிருக்கவேண்டும்.

முதல் இரவு இரண்டு மணிக்கு நான் போனபோது, டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவளுடைய தகப்பனார். மகள் தெர்மாமீட்டரைப் பசுவின் பின்புறத்திலிருந்து எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, எண்ணைச் சொன்னாள். அவர் நோட்டில் எழுதினார். “என்னய்யா, பெருமையாச் சொல்லலாமா?” என்று கேட்க எனக்கு நாவு துறுதுறுத்தது, கேட்கவில்லை. அந்த நேரத்துக்கு அது தகாது. கூடப் புரட்டுவதற்கு இன்னும் ஒரு ஆள் குறைந்தது.

மூன்றாம் நாள் காலையில் பசு பின்னங்கால்களை ஊன்றிப் பாதி எழுந்து, விழுந்தது. மத்தியானம் எழுந்து நின்றது. ஒரு மாதம்வரை இடது பின்னங்காலை இழுத்தே நடந்தது; பால் முன்புபோல் வரவில்லை; ஆனாலும் கட்டணம் கட்ட வந்தது. இதை அற்புதச் சாட்சியாய் அறிவிக்கவேண்டும் என்று சபையில் சிலர் கேட்டார்கள். தேவனுடைய இரக்கத்தை நான் மறுக்கவில்லை. அதனோடுகூட அந்த நோட்டுப்புத்தகத்தையும் சபையாருக்குக் காட்டும்படி சொன்னேன். இருபத்திரண்டு முறை புரட்டியதற்கு அதில் கணக்கு இருந்தது.

எல்லா இரவுகளும் இப்படி முடிவதில்லை என்பதையும் நான் சொல்லாமல் விடக்கூடாது. மனிதருக்குப் பணிவிடை செய்யும் செவிலியர் கைக்கு வராத ஒரு பாரம் விலங்குகளின் செவிலியர் கையில் வருகிறது. தீராத வேதனையில் கிடக்கும் நாய்க்கு மருத்துவர் கடைசி ஊசியைப் போடும்போது, அதன் முன்னங்காலை நீட்டிப் பிடித்து, நரம்பு எழும்பும்படி கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுகையால் தலையை அணைத்துக்கொண்டிருப்பது அவள்தான். அதுவும் அவளுக்குக் கற்பிக்கப்படுகிறது. எப்படிப் பிடித்தால் நாய் பயப்படாது, வீட்டார் எங்கே நிற்கவேண்டும், கண்கள் மூடாமலே இருக்கும் என்பதை முன்னதாகவே அவர்களுக்கு எப்படிச் சொல்லவேண்டும் என்பதெல்லாம். “காலையில ரெண்டு குட்டிக்குப் பால் குடுத்தேன், சாயங்காலம் மூணு நாய்க்குக் கால் பிடிச்சேன் பாஸ்டர்” என்று ஒருநாள் போனில் சொன்னாள். மரணப்படுக்கைகளின் அருகில் முப்பது வருஷம் நின்றிருக்கிறேன். நான் போகும்போது கையில் வேதமும் வாயில் ஜெபமும் இருக்கும். அவளுக்கு அந்த அறையில் சொல்ல எந்த வாசகமும் இல்லை. அன்றைக்கு நான் அவளோடு ஜெபித்தேன். அந்த மூன்று நாய்களின் பெயரையும் அவள் சொன்னாள்.

அந்த மருத்துவமனையில் அவளுடைய பதவி ‘ஹெல்பர்’ என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. கூண்டு கழுவ வந்தவருக்கும் அதே பெயர். மயக்கமருந்தில் கிடக்கும் நாயின் மூச்சை ஐந்து நிமிடத்துக்கொருமுறை எண்ணி எழுதுகிற இவளுக்கும் அதே பெயர். இங்கிலாந்தில் கால்நடைச் செவிலியர் என்ற பெயர் பிறந்த அதே 1984இல்தான் நம் நாட்டில் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் வந்தது. பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், சான்றிதழோ டிப்ளமோவோ பெற்றவர்கள் சிறு மருத்துவப் பணிகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்று அதன் 30ஆம் பிரிவு சொல்லுகிறது. ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் இதற்கென இரண்டாண்டு டிப்ளமோ உண்டு. ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ்ப் பல மாநிலங்களில் கிராமத்துப் பெண்களைப் பசு சகி என்ற பெயரில் பயிற்றுவிக்கிறார்கள். வாசல் அடைக்கப்பட்டிருக்கவில்லை, பாதி திறந்திருக்கிறது. முழுவதும் திறக்கவேண்டியவர்கள் அரசும் பல்கலைக்கழகங்களும். ஆனால் மகளுடைய தொழிலைச் சொல்ல வெட்கப்படாத தகப்பன்மார் எத்தனை பேர் என்பதைச் சட்டம் தீர்மானிக்கமுடியாது.

யோனாவின் புத்தகம் எப்படி முடிகிறது என்று நினைவிருக்கிறதா? நினிவேக்கு ஏன் இரங்கவேண்டும் என்று தேவன் யோனாவிடத்தில் கணக்குக் காட்டுகிறார். வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்துக்கு மேற்பட்ட மனிதரைச் சொல்லி, அத்தோடு அந்த ஊரின் திரளான மிருகங்களையும் சேர்த்துச் சொல்லுகிறார். புத்தகம் அங்கேயே நின்றுவிடுகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நமது ஆலய வளாகத்தின் வேப்பமரத்தடியில் ஒரு வகுப்பு நடக்கும். கால்நடை மருந்தகத்து மருத்துவர் வர இசைந்திருக்கிறார். நம்முடைய பெண்ணும் இரண்டு நாள் விடுப்பில் வருகிறாள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் சூடு பார்ப்பது, ஈறு பார்ப்பது, படுத்த மாட்டைப் புரட்டுவது, எந்த அறிகுறி கண்டால் காத்திராமல் 1962க்கு அழைப்பது என்பவை கற்றுத்தரப்படும். சபை பேதமும் மத பேதமும் இல்லை; மாடு வைத்திருக்கிற எவரும் வரலாம். நாய்க்கடி தடுப்பூசியைக் குறித்தும் மருத்துவர் பேசுவார். விலங்குகளோடு வேலை செய்கிறவர்கள் கடிபடும்முன்னேயே அதைப் போட்டுக்கொள்ளவேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுக்கொரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டுப்புத்தகமும் கொண்டுவாருங்கள். விதவைத் தாயார் தம்முடைய பசுவையே பயிற்சிக்குத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அது சாதுவான பசு, ஆனாலும் வாலுக்குப் பின்னால் யாரும் நேராய் நிற்கவேண்டாம்.